கட்டைக்கு விலையா, கண்ணாடிப் பெட்டிக்கு விலையா?

லெகோ கட்டைகளை அடுக்கி 'லிமிடெட் எடிஷன்' என்று விற்கும் பொம்மைகளைப் பற்றி வாசகர்கள் கேட்டவை இந்த இதழில்.

கேள்வி: அக்ரிலிக் பெட்டிக்குள் உள்ளங்கை அகலத் தாஜ்மஹால். 186 துண்டுகள். கூடவே '250இல் 37' என்று எண்ணிட்ட அட்டை. விலை 7,800 ரூபாய். கொடுக்கலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: வேண்டாம். வகுத்துப் பாருங்கள், துண்டுக்கு 42 ரூபாய் வருகிறது. ஏறக்குறைய அரை டாலர். லெகோ நிறுவனமே 2017இல் வெளியிட்ட பெரிய தாஜ்மஹாலில் 5,923 துண்டுகள். அமெரிக்க விலை 369.99 டாலர். துண்டுக்கு ஆறு சென்ட்டைச் சற்றே தாண்டுகிறது. அதே ஆண்டு வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் மில்லெனியம் ஃபால்கன் விண்கலத்தில் 7,541 துண்டுகள், அன்றைய விலை 799.99 டாலர். உரிமத் தொகையும் பெரிய துண்டுகளும் சேர்ந்தும் பதினோரு சென்ட்டைத் தொடவில்லை. உங்கள் பெட்டிக்குள் இருப்பவையோ பெரும்பாலும் 1x1, 1x2 பிளேட்டுகள் (மேலே ஒன்றோ இரண்டோ குமிழ் உள்ள தட்டைத் துண்டுகள்), அதாவது இருப்பதிலேயே மலிவானவை.

வடிவமைத்தவரின் உழைப்புக்குக் கூலி உண்டு, அதை மறுக்க முடியாது. துண்டுகளின் விலையைப் போல இரண்டு மடங்கு வரை கொடுப்பது நியாயம். அதற்கு மேல் போவது அந்த அட்டைக்கும் பெட்டிக்கும்தான். எண் போட்டது விற்பவர். துண்டுகளோ எங்கும் கிடைப்பவை. 251ஆவதை யாரும் ஒரு மாலைப் பொழுதில் அடுக்கிவிடலாம். 2013இல் பத்தாம் வரிசை மினிஃபிகர் (லெகோவின் சின்ன மனிதப் பொம்மை) உறைகளுக்குள் லெகோ ஒளித்து வைத்த பொன்னிற 'மிஸ்டர் கோல்டு' பொம்மையின் கதை வேறு. உலகம் முழுவதற்கும் 5,000 மட்டுமே என்று நிறுவனமே வரையறுத்தது.

நிறுவனத்தின் செட்டுகளையும் முதலீடு என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். 2008இன் தாஜ்மஹால் விற்பனை நின்றபின் மறுவிற்பனையில் பல மடங்கு ஏறியது. 2017இல் கிட்டத்தட்ட அதே செட் மறுபடி வந்ததும் அந்த விலை இறங்கிவிட்டது.

கேள்வி: 'அசையாது, உடையாது, பசை போட்டது' என்கிறார் விற்பவர். நல்லதுதானே? (கோவை வாசகர்)

பதில்: இல்லை. பசை பட்டதும் அதன் மறுவிற்பனை மதிப்பு போய்விடுகிறது, ஏனென்றால் துண்டுகளைப் பிரித்து விற்க முடியாது. கட்டைகள் ஏபிஎஸ் பிளாஸ்டிக். கரைப்பான் வகைப் பசை ஏபிஎஸ்ஸையே இளக்கி இரு துண்டுகளையும் ஒன்றாக்கிவிடும். சூப்பர் க்ளூவின் ஆவி மூடிய பெட்டிக்குள் வெளியேற வழியின்றி, இணைப்புகளைச் சுற்றி வெள்ளைப் படலமாகப் படியும். கறுப்புத் துண்டுகளில் பளிச்சென்று தெரியும். வாங்குமுன், பிரிப்பான் கருவியால் அடிவரிசைத் துண்டு ஒன்றைக் கழற்றி மாட்டும் வீடியோ கேளுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: தங்க முலாம் பூசிய மினிஃபிகர் அசலா என்று எப்படி அறிவது? (மதுரை வாசகர்)

பதில்: முதலில் தலைக் குமிழின் மேல் எழுத்தைப் பாருங்கள். அசலில் லெகோ பெயர் விளிம்பு கூராகப் பதிந்திருக்கும். சாதாரணப் பொம்மைக்கு ஸ்ப்ரே அடித்திருந்தால் எழுத்து மழுங்கி, மூலைகளில் பூச்சு தேங்கி நிற்கும். அடுத்து, கையைச் சுழற்றுங்கள். பூச்சின் கனம் மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். ஆனாலும் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தும் பாகங்களுக்கு அதுவே அதிகம்: கை இறுகும், மூட்டில் பூச்சு உரியும், கால் மாட்டும் இடத்தில் விரிசல் விழும். அசலில் உள்ள, உலோகம் போல் மின்னும் குரோம் பூச்சும் தேய்க்கத் தேய்க்கப் போய்விடும். பாலிஷ் எதுவும் போடாமல் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.

கேள்வி: ஜன்னலோரம் வைத்த வெள்ளைக் கட்டைகள் மஞ்சளாகிவிட்டன. (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: புற ஊதா ஒளி ஏபிஎஸ்ஸின் மேற்பரப்பை ஆக்சிஜனோடு வினைபுரியச் செய்வதால் வருவது இது. ஸ்டிக்கர், குரோம், உலோகம் உள்ளவற்றை முதலில் ஒதுக்குங்கள். மீதியைக் கழுவி, மருந்துக்கடையில் கிடைக்கும் 3 முதல் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் முழுக முக்குங்கள். குமிழிகள் ஒட்டிக்கொண்டு கட்டைகள் மிதக்கும். மேலே கண்ணாடித் தட்டு ஒன்றை வையுங்கள், இல்லையேல் நீர்மட்டத்தில் கோடு விழும். வெயிலில் நான்கைந்து மணி நேரம், மணிக்கு ஒருமுறை புரட்டுங்கள். கையுறையும் பாதுகாப்பு மூக்குக்கண்ணாடியும் கட்டாயம். அளவு மீறினால் பால் தெளித்தாற்போல் திட்டுத்திட்டாகும். பழையபடி ஜன்னலோரம் வைத்தால் மஞ்சள் திரும்பும்.

கேள்வி: அந்தச் சின்னத் தாஜ்மஹாலை நாமே அடுக்க முடியாதா? (திருச்சி வாசகரே)

பதில்: தாராளமாக. குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர், கட்டை உயரம் 9.6, பிளேட் உயரம் 3.2. மூன்று பிளேட் சேர்ந்தால் ஒரு கட்டை. இந்தக் கணக்கை வைத்துப் படத்திலிருந்தே வரிசை வரிசையாக எண்ணிவிடலாம். பல கடைகள் லெகோ துண்டுகளைச் சில்லறையாக விற்கும் பிரிக்லிங்க் தளத்தின் 'ஸ்டுடியோ' மென்பொருள் இலவசம். அதில் அடுக்கினால் துண்டுப் பட்டியல் தானே வரும். 1x1 பிளேட்டின் எண் 3024, 1x2 பிளேட் 3023. பட்டியலை ஐந்து கடைகளுக்குப் பிரித்தால் தபால் கட்டணம் துண்டு விலையை விழுங்கிவிடும். ஒரே கடையில் முடியாததை நிறம் மாற்றியோ, 1x2க்குப் பதில் இரண்டு 1x1 போட்டோ சரிக்கட்டுங்கள். வெள்ளையை மட்டும் புதியது, பழையது கலந்து வாங்காதீர்கள். குவிமாடம் இரண்டு நிறமாகத் தெரியும்.