ஓய்வுக்குப் பிறகு வேலூர்ப் பக்கம் சீனியர் சிட்டிசன் குடியிருப்பில் வீடு வாங்கலாமா?

உங்களுக்கு 61, மனைவிக்கு 58, அவருக்குப் பதினைந்து ஆண்டாகச் சர்க்கரை. மகன் வெளிநாட்டில். கையில் இருப்பது 60 லட்சம். சென்னை வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வேலூருக்குப் பக்கத்தில் ஒரு சீனியர் சிட்டிசன் குடியிருப்பில் 45 லட்சத்துக்கு வீடு பார்த்து வைத்திருக்கிறீர்கள். "ஆஸ்பத்திரி பக்கம், செலவு குறைவு, வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலூர் நல்ல யோசனைதான். வாங்குவதில்தான் அவசரப்படுகிறீர்கள். அதே குடியிருப்பில் முதலில் வாடகைக்குப் போங்கள், ஒரு சித்திரையும் வைகாசியும் இருந்து பாருங்கள், அப்புறம் முடிவு செய்யலாம். இன்னொன்று, நீங்கள் இரண்டு பேரும் இப்போது நடமாடுவதை வைத்து வீடு பார்க்காதீர்கள். உங்களில் ஒருவர் படுத்துவிட்டால் அங்கே என்ன நடக்கும் என்று கேட்டுவிட்டுப் பாருங்கள். நாங்கள் அதைக் கேட்கவில்லை.

நான் காட்பாடிக்காரன், கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். நாலு வருஷம் முன்பு என் அண்ணனும் அண்ணியும் இப்படி ஒரு குடியிருப்பில், நெடுஞ்சாலையிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே, இரண்டாவது மாடியில் வீடு வாங்கினார்கள். பார்க்கப் போன அன்று நானும் கூடப் போனேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. நடைபாதை, வேப்பமரத்தடியில் பிள்ளையார், குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி, வாசலில் கழுவித் துடைத்து நிறுத்திய ஒரு ஆம்புலன்ஸ். அண்ணன் வீட்டை அவ்வளவாகப் பார்க்கவில்லை, அந்த ஆம்புலன்ஸைப் பார்த்துத்தான் முன்பணம் கொடுத்தார் என்று இப்போது தோன்றுகிறது.

போன வருஷம் ஆடி மாதம், ராத்திரி இரண்டேகால் மணி. அண்ணன் ஏதோ குழறுவது கேட்டு அண்ணி விளக்கைப் போட்டுப் பார்த்தால் வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது, வலது கை தூக்க வரவில்லை. கட்டில் பக்கத்தில் இருக்கும் அவசர மணியை அழுத்தினார். வாட்ச்மேன் இரண்டே நிமிஷத்தில் வந்துவிட்டார், அந்த மனிதரைக் குறை சொல்ல மாட்டேன். "டிரைவர் ராத்திரியில வீட்டுக்குப் போயிடுவாரும்மா, வண்டி சாவி ஆபீசுல இருக்கு, ஆபீசு பூட்டியிருக்கு" என்றாராம். 108-க்கு அடித்து அது வந்து சேர முப்பத்தைந்து நிமிஷம். வந்த பிறகு லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை, நீளம் போதவில்லை. கடைசியில் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்காரவைத்து, வேட்டியால் மார்போடு சேர்த்துக் கட்டி, மாடிப்படியில் தூக்கி வந்தார்கள். தூக்கிய நாலு பேரில் இரண்டு பேர் எழுபதைத் தாண்டியவர்கள்.

மூளைக்குப் போகும் குழாயில் ரத்தம் கட்டி அடைத்தால் அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதுவும் ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் போடுவார்கள். வீட்டிலிருந்து கிளம்பவே ஒரு மணி நேரம் போயிருந்தது. எப்படியோ நேரத்துக்குள் போட்டுவிட்டார்கள். நடக்கிறார், பேசுகிறார், வேட்டியை மட்டும் இன்றைக்கும் அண்ணிதான் கட்டிவிடுகிறார்.

இதைவிட எனக்குக் கோபம் வந்தது அதற்கு அடுத்த மாதம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் மேலாளர் மரியாதையாகச் சொன்னார், "சார், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவர்களுக்கான இடம் இது, நீங்கள் தனியாக ஆள் வைத்துக்கொள்ள வேண்டும்." ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் அப்படித்தான் எழுதியிருக்கிறது, அண்ணன் கையெழுத்துக்கு நாலு பக்கம் முன்னால். பகலுக்கு மட்டும் ஒரு ஆள் வைத்தோம், நாளைக்கு 800 ரூபாய். மாதம் 24,000. குளிக்கவைக்க, சாப்பாடு கொடுக்க, நடக்கவைக்க. அதற்குத்தானே இங்கே வந்தோம் என்று அண்ணி கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை.

மருத்துவத்தை எடுத்துக்கொள்வோம். வேலூரில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை என்பது உண்மை. ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது, ராணிப்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டி அதன் புது வளாகமும் வந்துவிட்டது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி, திருமலைக்கோடிப் பக்கம் நாராயணி. ஆனால் காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் ஒரு நடை போய்ப் பாருங்கள், லாட்ஜ் பெயர்ப்பலகை, ஓட்டல் பலகை எல்லாம் வங்காளியில் இருக்கும். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி வருகிறவர்களோடுதான் உள்ளூர்க்காரர்களும் வரிசையில் நிற்கிறோம். பெரிய வியாதிக்கு நின்றே ஆக வேண்டும், நிற்கலாம். மாதாமாதம் சர்க்கரை பார்க்க, பாதத்தில் ஒரு புண் வந்தால் காட்ட, நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்ன டாக்டர் வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்கு அந்தப் புண்ணை இரண்டு நாள் முன்னால் காட்டுகிறோமா பின்னால் காட்டுகிறோமா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. குடியிருப்பில் "மருத்துவர் வருகை" என்று போட்டிருந்தால் வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அண்ணன் இடத்தில் சனிக்கிழமை ஒரு மணி நேரம்.

உங்கள் மனைவிக்கு மருத்துவக் காப்பீடு இல்லையென்றால் வீட்டுக்கு முன்னால் அதைச் செய்யுங்கள். ஏற்கனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் மூன்று வருஷம் என்று குறைத்திருக்கிறார்கள், 65 வயதுக்கு மேல் பாலிசி கிடையாது என்ற வரம்பையும் எடுத்துவிட்டார்கள். தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜிஎஸ்டியும் இல்லை. நீங்கள் போக நினைக்கிற ஆஸ்பத்திரியில் அந்த பாலிசிக்குப் பணம் கட்டாமல் சேர்க்கிற வசதி உண்டா என்று ஆஸ்பத்திரியிலேயே போய்க் கேளுங்கள், ஏஜென்ட் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

செலவுக்கு வருகிறேன், என் தொழில் என்பதால் கொஞ்சம் இழுப்பேன். 60 லட்சத்தில் 45 வீட்டுக்குப் போனால் மிச்சம் 15, அதிலும் பத்திரச் செலவு தனி. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இப்போது 8.2 சதவீதம். 15 லட்சத்துக்கு மாதக் கணக்கில் 10,250 ரூபாய் வரும், கொடுப்பது மூன்று மாதத்துக்கு ஒரு முறை. வீடு வாங்காமல் உச்சவரம்பான 30 லட்சத்தையும் போட்டால் மாதத்துக்கு 20,500. உங்கள் மனைவிக்கு 60 முடியாததால் அவர் பெயரில் இப்போது போட முடியாது, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவராக இருந்தால் மட்டும் 55-லிருந்து வழி உண்டு. அண்ணன் குடியிருப்பில் இரண்டு பேருக்குப் பராமரிப்பு 9,000, சாப்பாடு 14,000, ஆக 23,000, வரி போக. பென்ஷன் வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை, வராவிட்டால் இந்தக் கணக்கு முதல் மாதமே இடிக்கிறது. பராமரிப்புக் கட்டணத்தை வருஷம் 8 சதவீதம் ஏற்றுவோம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும், கண் அதைத் தாண்டிப் போய்விடும். 8 சதவீதம் என்றால் ஒன்பது வருஷத்தில் 9,000 என்பது 18,000. உங்கள் வட்டி அப்படி ஏறாது.

சரி, வெயில். 'சாமியில்லாத கோயில், தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, மரமில்லாத மலை' என்று எங்கள் ஊரைப் பழைய ஆட்கள் சொல்வார்கள். சாமி 1981-ல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார், பாலாற்றில்கூட 2021 நவம்பரில் கரை தொட்டுத் தண்ணீர் போனது. மலை மட்டும் அப்படியே மொட்டைப் பாறையாக நிற்கிறது. பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு ஊர்மேல் ஊதும். கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். மேல் மாடி வேண்டவே வேண்டாம். இன்சுலின் போடுகிறவர் என்றால், பயன்பாட்டில் இருக்கும் பேனாவை 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்வார்கள், மே மாதம் எங்கள் கூடத்தில் அந்த 30 டிகிரியே கிடையாது. அதனால் ஜெனரேட்டர் எதற்கெல்லாம் ஓடும் என்று கேளுங்கள். பல இடத்தில் லிஃப்டும் வீட்டுக்கு ஒரு விளக்கு, ஒரு ஃபேனும்தான், ஃப்ரிட்ஜ் அதில் சேராது.

தண்ணீர். ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் தோல் தொழிற்சாலைகளால் நிலத்தடி நீர் கெட்ட கதை உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-லேயே தீர்ப்பு வந்தது. அந்தப் பக்கம் வாங்கினால் போர்வெல் தண்ணீரைக் கொடுத்துப் பரிசோதித்து வாங்குங்கள், உப்பு அளவோடு குரோமியத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் மனைவிக்கு ஏலகிரி ஆசை இருந்தது. 1,100 மீட்டர் உயரம், மே மாதம்கூட ராத்திரி போர்வை கேட்கும். ஆனால் பதினான்கு கொண்டை ஊசி வளைவு. வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள், போகும்போது படிக்க நன்றாகத்தான் இருந்தது. அண்ணன் கதைக்குப் பிறகு மனைவியே அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

மனுஷ வாசனையையும் பாருங்கள். நெடுஞ்சாலைக்கு உள்ளே ஆறு கிலோமீட்டர் என்றால் ஒரு டீக்கடைக்கு நடக்க முடியாது, முள்ளுக் கத்திரிக்காய் வாங்கிப் பேரம் பேச ஒரு சந்தை கிடையாது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் என்ன செய்வது என்று அண்ணன் போன புதிதில் தினமும் எனக்குப் போன் செய்வார். சத்துவாச்சாரி, காந்தி நகர், பாகாயம் மாதிரி ஊருக்குள் தரைத்தளத்தில் ஒரு வாடகை வீடு, சமையலுக்கு ஒரு அம்மா என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மகன் வந்தால் காட்பாடியில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்துவிடுவார்.

குடியிருப்புதான் என்று முடிவானால், பகலில் அவர்கள் கூட்டிப் போவதோடு நிறுத்தாதீர்கள். விருந்தினர் அறையில் இரண்டு நாள் தங்கி, ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கீழே இறங்கி ஆம்புலன்ஸ் சாவி யாரிடம் என்று வாட்ச்மேனைக் கேளுங்கள். லிஃப்டின் உள்நீளத்தை டேப் வைத்து அளங்கள், சிரிப்பார்கள், சிரிக்கட்டும். படுத்துவிட்டால் என்ன செய்வார்கள், என்ன கட்டணம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். விற்கும்போது யாருக்கு விற்கலாம் என்பதையும்.

ஏனென்றால் அண்ணனும் அண்ணியும் இப்போது காட்பாடியில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். அந்த வீட்டை 55 வயது தாண்டியவருக்குத்தான் விற்க வேண்டும், அதுவும் நிர்வாகத்தின் சம்மதத்தோடு. ஏழு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது, மூன்று பேர் வந்து பார்த்தார்கள், மூன்று பேரும் ஆம்புலன்ஸைப் பற்றித்தான் முதலில் கேட்டார்களாம். பராமரிப்புக் கட்டணம் மாதாமாதம் ஐந்தாம் தேதி அண்ணன் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது.