உலாவியில் எழுதிய அனலாக் சின்தசைசர் ஏன் மெலிந்து ஒலிக்கிறது?

கேள்வி: வெப் ஆடியோவில் (உலாவிக்குள்ளேயே ஒலியை உருவாக்கும் வசதி) சாடூத் ஆஸிலேட்டர் (ரம்பப்பல் வடிவ அலையை எழுப்புவது), லோபாஸ் ஃபில்டர் (உயர் அதிர்வெண்களை வெட்டுவது), கெயின் (ஒலி அளவைக் கூட்டிக் குறைப்பது) மூன்றையும் வரிசையாக இணைத்து ஒரு சின்தசைசர் எழுதியிருக்கிறேன். மினிமூக் என்ற பழைய அனலாக் சின்தசைசர் மாதிரி கனமாக இல்லை. போதாததற்கு, கீயை விட்டதும் 'டிக்' என்று சத்தம் வேறு. எங்கே தவறு?

பதில்:

இந்த நிலையில் பலரும் ஆஸிலேட்டரைத்தான் மாற்றி எழுதப் போவார்கள். அதைத் தொடாதீர்கள். உலாவி தரும் சாடூத், ஸ்கொயர் அலைகள் அலியாசிங் (சாம்பிள் வேகம் தாங்காத உயர் அதிர்வெண்கள் பொய்ச் சுரமாகத் திரும்புவது) வராதபடி மேல் ஹார்மானிக்குகளை (அடிச் சுரத்தின் மடங்கு அதிர்வெண்களை) வெட்டித்தான் வருகின்றன. அலையின் கட்டத்தை (ஃபேஸ்) ஒவ்வொரு சாம்பிளுக்கும் கூட்டிக்கொண்டே போய் நாமே எழுதும் சாடூத் அதைவிட மோசமாகத்தான் இருக்கும். உங்கள் பிரச்சினை என்வலப்பிலும் (சுரம் எழுந்து அடங்கும் விதத்தைத் தீர்மானிப்பது) ஃபில்டரிலும் இருக்கிறது.

முதலில் அந்த 'டிக்'. அட்டாக்குக்கு (ஒலி எழும் கட்டம்) லீனியர் ரேம்ப் (நேர்கோடாக ஏறும் மாற்றம்) போட்டிருப்பீர்கள். அது முடியும் முன் கீயை விட்டால், மீதி நிகழ்வுகளை ரத்து செய்யும்போது ரேம்பும் சேர்ந்து போய்விடும். கெயின் பழைய மதிப்புக்குத் தாவும். அந்தத் தாவல்தான் காதில் விழுகிறது. அட்டாக், டிகே (உச்சியிலிருந்து இறங்குவது), ரிலீஸ் (கீயை விட்டபின் அடங்குவது) மூன்றையும் வெப் ஆடியோவின் 'செட் டார்கெட் அட் டைம்' கட்டளை கொண்டே எழுதுங்கள். அது எப்போதும் அந்த நொடியில் இருக்கும் மதிப்பிலிருந்து கிளம்பும், கெப்பாசிட்டர் சார்ஜ் ஆவதைப் போலவே வளையும். அட்டாக்கின் இலக்கை 1 என்று வைத்தால் உச்சிக்கு அருகில் இழுத்துக்கொண்டே போகும். 1.3 என்று வையுங்கள். டைம் கான்ஸ்டன்ட் (வளைவின் வேகத்தைச் சொல்லும் எண்), அட்டாக் நேரத்தை 1.47-ஆல் வகுத்தது. உச்சி தொட்டதும் டிகே தொடங்கட்டும். ரிலீஸில் ஆஸிலேட்டரை நிறுத்த டைம் கான்ஸ்டன்டைப் போல 7 மடங்கு காத்திருங்கள். அதற்குள் ஒலி சுமார் 60 டெசிபெல் இறங்கியிருக்கும். நிறுத்திய ஆஸிலேட்டரை மறுபடி ஓட்ட முடியாது, அடுத்த சுரத்துக்குப் புதிதாக ஒன்றை உருவாக்கத்தான் வேண்டும்.

இனி ஃபில்டர். உலாவியின் லோபாஸ் ஆக்டேவுக்கு 12 டெசிபெல் வெட்டும். 1970-இல் வந்த மினிமூக்கின் லேடர் ஃபில்டர் 24 வெட்டும். அவசரத்துக்கு இரண்டு லோபாஸை அடுத்தடுத்து இணைக்கலாம், ஆனால் இரண்டுக்கும் ஒரே கியூ மதிப்பு (வெட்டு தொடங்கும் அதிர்வெண் அருகே ஒலி எவ்வளவு எழும்பும் என்பது) கொடுக்காதீர்கள். இங்கே லோபாஸின் கியூ டெசிபெல்லில் அளக்கப்படுகிறது, ஒன்றுக்கு −5.3, மற்றதற்கு 2.3 கொடுத்தால் மேடு பள்ளமில்லாமல் வெட்டும். ரெசோனன்ஸுக்கு (அந்த எழுச்சியைக் கூட்ட) இரண்டாவதை மட்டும் ஏற்றுங்கள். என்வலப்பைக் கட்டாஃப் அதிர்வெண்ணில் (வெட்டு தொடங்கும் இடம்) செருகாமல் ஃபில்டரின் டீட்யூனில் (அந்த இடத்தைச் சுர இடைவெளிக் கணக்கில் நகர்த்துவது) செருகுங்கள். அது சென்ட் கணக்கு: 4800 என்றால் நான்கு ஆக்டேவ். ஹெர்ட்ஸில் கூட்டினால் தாழ்ந்த சுரங்களில் ஃபில்டர் கத்தும், உயர்ந்த சுரங்களில் அசையவே அசையாது.

இவ்வளவு செய்தும் லேடரின் குணம் முழுதாக வராது. ஃபில்டர் தானே விசிலடிப்பதும், உள்ளே நுழையும் ஒலி கசங்குவதும் வேண்டுமானால் ஆடியோ வொர்க்லெட்டில் (ஒலியைச் சாம்பிள் சாம்பிளாக நாமே கணக்கிட உலாவி தரும் இடம்) சொந்தமாக எழுதுவதே வழி. ஒரு போல் கொண்ட (மிக எளிய வகை) நான்கு ஃபில்டர்கள், கடைசியிலிருந்து முதலாவதற்கு எதிர்க்குறியில் ஃபீட்பேக். ஃபீட்பேக் பெருக்கம் 4-ஐத் தொட்டால் விசில் தொடங்கும். ஃபீட்பேக்கை முந்தைய சாம்பிளிலிருந்து எடுப்பது எளிது, ஆனால் அந்த ஒரு சாம்பிள் தாமதத்தால் கட்டாஃப் ஏற ஏற சுருதி விலகும். நான்கு படிகளும் நேரியல் என்பதால் இன்றைய வெளியீட்டைச் சமன்பாடாகத் தீர்த்துவிடலாம். ஒரு வகுத்தல்தான் கூடுதல். தீர்த்த உள்ளீட்டை டான்ஹெச் (உச்சிகளை மென்மையாக அமுக்கும் கணிதச் சார்பு) வழியாக அனுப்புங்கள். அது புது ஹார்மானிக்குகளைக் கிளப்பும், ஆகவே இரு மடங்கு சாம்பிள் வேகத்தில் ஓட்டுவது நல்லது.

ரெசோனன்ஸை ஏற்றினால் அடி ஒலி குறைகிறதே என்று பதறாதீர்கள். பெருக்கம் 4-இல் அடி அதிர்வெண்கள் ஐந்தில் ஒரு பங்காகும், சுமார் 14 டெசிபெல் இழப்பு. அசலும் அப்படித்தான். இன்னொன்று: உள்ளீடு சுத்தப் பூஜ்யமாக இருந்தால் விசில் தொடங்கவே தொடங்காது. சர்க்யூட்டில் வெப்ப இரைச்சல் அதைத் தூண்டிவிடுகிறது, நிரலில் நாம்தான் கண்ணுக்குத் தெரியாத அளவு இரைச்சலைத் தூவ வேண்டும்.

வொர்க்லெட் ஒரு முறைக்கு 128 சாம்பிள் கணக்கிடும். 48,000 ஹெர்ட்ஸில் அது 2.67 மில்லிசெகண்ட். அந்த ஃபங்ஷனுக்குள் புது அர்ரே எதையும் உருவாக்காதீர்கள், பயன்படாத நினைவகத்தை உலாவி அள்ளும் நேரத்தில் ஒலி வெடிக்கும். ஃபைலை நேரடியாக டபுள் கிளிக் செய்து திறந்தால் வொர்க்லெட் ஏறாது. லோக்கல் சர்வரோ எச்டிடிபிஎஸ்ஸோ வேண்டும். பயனர் ஒரு முறை கிளிக் செய்யும்வரை ஒலியும் வராது.

பல்ஸ் விட்த் (சதுர அலையின் மேல் பகுதியின் அகலம்) கேட்பீர்கள் என்பதால்: ஒரே சாடூத்தை நேராக ஒரு வழி, டிலே போட்டு −1 கெயினில் ஒரு வழி அனுப்பிக் கூட்டினால் பல்ஸ் கிடைக்கும். டிலே, அலைநேரத்தில் எத்தனை பங்கோ அதுதான் விட்த். சுரம் மாறும்போது டிலேயையும் மாற்ற வேண்டும்.

கணினி விசைப்பலகையில் வாசிப்பதானால், அழுத்திப் பிடித்த கீ திரும்பத் திரும்ப அனுப்பும் நிகழ்வுகளைத் தள்ளிவிடுங்கள். விண்டோவை விட்டு வெளியே போனால் 'கீ அப்' வந்து சேராது, எனவே ஃபோகஸ் போனதுமே எல்லாச் சுரங்களையும் ரிலீஸுக்கு அனுப்பிவிடுங்கள்.