எந்த நேரத்து மின்சாரம்?

அன்புள்ள ஐயா,

விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சோலார் போட நிலம் கேட்டு ஆட்கள் வருவது எங்கள் பக்கம் புதிதில்லை. இப்போது வருகிறவர்கள், "இது ஹைட்ரஜனுக்கு சார்" என்று சொல்லிக் கேட்கிறார்கள். தூத்துக்குடியில் ஆலைகள் வரப்போகின்றன, பஸ், லாரி, கப்பல் எல்லாம் அதில் ஓடும், புகைக்குப் பதிலாகத் தண்ணீர்தான் வெளியே வரும் என்கிறார்கள். சென்னை ஐ.சி.எஃப்.பில் ஹைட்ரஜன் ரயில் பெட்டியைச் சோதித்துப் பார்த்த செய்தியையும் பேப்பரில் படித்தேன்.

தண்ணீரிலிருந்து எடுத்தது கடைசியில் தண்ணீராகவே திரும்புகிறது என்றால், நடுவில் வண்டியை ஓட்டுகிற சக்தி எங்கிருந்து வருகிறது? நான் தமிழாசிரியர், விஞ்ஞானம் படித்தவனில்லை. ஆனாலும் எங்கோ இடிக்கிறது. என் அக்கா மகன் கயத்தாறில் காற்றாலையில் வேலை பார்க்கிறான். ஆனி, ஆடியில் காற்று நன்றாக அடிக்கும்போதே சில நாள் ஓட்டத்தை நிறுத்தச் சொல்லிவிடுகிறார்களாம். வீணாகிற அந்த மின்சாரத்தில் ஹைட்ரஜன் செய்யலாமே என்கிறான். குடிதண்ணீருக்கே குடத்தோடு நிற்கிற மாவட்டத்தில் இதற்குத் தண்ணீர் எங்கே எடுப்பார்கள் என்பது என் மனைவியின் கேள்வி. பேட்டரி ஸ்கூட்டர் ஒன்று வாங்க நினைத்திருந்தேன். ஹைட்ரஜன் வண்டி வரும்வரை பொறுக்கலாமா?

கே.

அன்புள்ள கே. அவர்களுக்கு,

உங்களுக்கு எங்கே இடிக்கிறதோ அதுதான் இந்த விஷயத்தின் மையம். பெரிய மேடைகளில்கூட அதைத் தாண்டிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். அதை மறுபடி பிரித்தெடுப்பது சாம்பலைத் திரும்ப விறகாக்குவதைப் போன்றது. எரியும்போது எவ்வளவு சக்தி கிடைக்குமோ, அதைவிடக் கூடுதலாக நாம் முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க, எலக்ட்ரோலைசர் என்கிற எந்திரம் சுமார் 55 யூனிட் மின்சாரம் கேட்கும். அந்த ஒரு கிலோவுக்குள் இருப்பது 33 யூனிட் அளவுக்கான சக்தி. 700 பார் அழுத்தத்தில் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 700 மடங்கு) காரின் தொட்டிக்குள் அடைக்க இன்னும் மூன்று யூனிட் போகும். வண்டிக்குள் இருக்கும் எரிபொருள் கலம் அந்த 33 யூனிட்டில் பாதியைத்தான் திரும்ப மின்சாரமாக்கும். ஆக, 58 யூனிட் போட்டால் மோட்டாருக்குக் கிடைப்பது 17 யூனிட் அளவில். டொயோட்டாவின் மிராய் போன்ற ஒரு ஹைட்ரஜன் கார் அதை வைத்துக்கொண்டு 100 கிலோமீட்டர் ஓடும். பேட்டரி கார் அதே 100 கிலோமீட்டர் ஓட, சார்ஜ் ஏற்றும்போது போகிற நட்டத்தையும் சேர்த்து, 17 யூனிட்டை ஒட்டித்தான் செலவாகிறது.

ஆகவே வண்டியை ஓட்டுவது ஹைட்ரஜனைச் செய்யப் போட்ட மின்சாரம். அந்த மின்சாரம் எதிலிருந்து வந்தது என்று தெரியாமல் வண்டியைச் சுத்தம் என்றோ அழுக்கு என்றோ சொல்ல முடியாது. எல்லா மின்நிலையங்களின் மின்சாரமும் வந்து சேருகிற இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. நிலக்கரியின் பங்கு இன்னும் அவ்வளவு பெரிது. தொகுப்பிலிருந்து எடுத்த மின்சாரத்தில் ஹைட்ரஜன் செய்து 100 கிலோமீட்டர் ஓட்டினால் 40 கிலோ கரியமில வாயு. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கிற பெட்ரோல் கார் அதே தூரத்துக்கு விடுவது 13 கிலோ. பேட்டரி காருக்கு 12 கிலோ வரும். பேட்டரியும் இன்றைக்குப் பெட்ரோலைவிடக் கொஞ்சம்தான் நல்லது என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். தொகுப்பில் காற்றும் சூரியனும் கூடக்கூட, இன்று வாங்கிய அதே பேட்டரி வண்டி ஆண்டுக்காண்டு சுத்தமாகிக்கொண்டே போகும். ஹைட்ரஜன் வண்டியும் அப்படித்தான் மாறும், ஆனால் பெட்ரோலைவிட மூன்று மடங்கு பள்ளத்திலிருந்து அது ஏறி வரவேண்டும்.

உலகத்தில் 2023இல் பயன்பட்ட ஹைட்ரஜன் ஏறக்குறைய 9.7 கோடி டன். அதில் சுத்தமான வழியில் வந்தது ஒரு விழுக்காடுகூட இல்லை. மற்றது பெரும்பாலும் இயற்கை எரிவாயுவையும் நிலக்கரியையும் உடைத்து எடுத்தது. எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ எடுத்தால் சுமார் 10 கிலோ கரியமில வாயு வெளியாகும், நிலக்கரியிலிருந்து என்றால் 20. ஹைட்ரஜன் காரை 2014இலேயே கடைக்குக் கொண்டுவந்த ஜப்பான், எரிபொருளுக்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துப் பழுப்பு நிலக்கரி வரை போய்த் தேடியது. அங்கே ஹைட்ரஜன் எடுத்து, கழித்தல் 253 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கி, சூசோ ஃப்ரான்டியர் என்ற கப்பலில் 2022 பிப்ரவரியில் கோபே துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். பொறியியலாகப் பார்த்தால் பெரிய சாதனை. ஆனால் அதைத் திரவமாக்க மட்டுமே அதிலுள்ள சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு நிகரான மின்சாரம் போகும். டோக்கியோ தெருவில் புகை இல்லாத கார் ஓடுவதற்கான புகையை விக்டோரியாவின் லட்ரோப் பள்ளத்தாக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். இதே ஜப்பான் ஃபுகுஷிமா மாவட்டத்தின் நமியே ஊரில் 2020இல் சூரிய மின்சாரத்தைச் சேர்த்து 10 மெகாவாட் எலக்ட்ரோலைசரும் நிறுவியது. எனக்கு நமியே வழிதான் சரியென்று படுகிறது.

சரி, சோலார் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இங்கேதான் இரண்டாவது கேள்வி வருகிறது: எந்த நேரத்து மின்சாரம்?

நீங்கள் படித்த ஐ.சி.எஃப். ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஹரியானாவின் ஜிந்த் - சோனிபட் பாதைக்காகச் செய்யப்பட்டது. அதற்காக ஜிந்தில் அமைக்கும் எலக்ட்ரோலைசர் ஒரு மெகாவாட், நாளுக்கு 430 கிலோ ஹைட்ரஜன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 430 கிலோவுக்கு 55 வீதம் ஏறக்குறைய 24,000 யூனிட். ஒரு மெகாவாட் எந்திரம் மணிக்கு ஆயிரம் யூனிட் எடுக்கும்; அது இரவும் பகலும் நிற்காமல் ஓடினால்தான் அந்த அளவு வரும். சூரியன் இல்லாத ராத்திரியில் அந்த எந்திரத்துக்கு எது மின்சாரம் கொடுக்கும் என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு. இந்திய அகலப்பாதையில் 98 விழுக்காட்டுக்கு மேல் மின்கம்பி வந்துவிட்டது. கம்பியிலிருந்து நேராக எடுத்து ஓட்டினால் மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் அதே ரயில் போகும். கம்பி இழுக்க முடியாத மலைப்பாதைக்கு ஹைட்ரஜன் என்றால் எனக்கு மறுப்பில்லை.

'பேங்கிங்' உங்கள் அக்கா மகனுக்குத் தெரிந்த சொல்லாக இருக்கும். காற்றடிக்கும்போது தொகுப்புக்குக் கொடுத்துவிட்டு, காற்று இல்லாதபோது அதே அளவைத் திரும்ப எடுத்துக்கொள்வது. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட பசுமை ஹைட்ரஜன் (காற்று, சூரியன் போன்ற சுத்தமான மின்சாரத்தில் செய்வது) கொள்கை 30 நாள் வரை இப்படி வரவுவைக்க அனுமதி தந்தது. தாளில் பார்த்தால் கொடுத்ததும் எடுத்ததும் சரிக்குச் சரி. ஆனால் பகலில் கொடுத்தது சூரிய மின்சாரம், நள்ளிரவில் கைக்கு வருவது பெரும்பாலும் அனல் மின்நிலையத்தின் மின்சாரம். 2023 ஆகஸ்டில் பசுமை ஹைட்ரஜனுக்கு அரசு வகுத்த தரமும் 12 மாதச் சராசரியில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோ கரியமில வாயு என்றுதான் வரம்பு வைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2030இலிருந்து ஆலை எடுத்த மின்சாரத்தையும் அதற்கென உற்பத்தியான சுத்தமான மின்சாரத்தையும் மணிக்கு மணி ஒப்பிட்டுக் காட்டவேண்டும் என்று விதி எழுதியிருக்கிறது. தூத்துக்குடிச் சரக்கை ஐரோப்பாவுக்கு விற்க நினைக்கிறவர்கள் எப்படியும் அந்தக் கணக்குக்கு வந்தாகவேண்டும். நம் காற்றைக் காக்கவும் அதே கணக்கை நாமே கேட்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நேர்மையான கணக்கு எப்படி இருக்கும் என்பதற்கு லடாக்கின் லே நகரம். மத்திய அரசின் மின்நிறுவனமான என்.டி.பி.சி. அங்கே ஐந்து ஹைட்ரஜன் பேருந்துகளுக்காக 1.7 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஒன்றைத் தனியாகவே வைத்திருக்கிறது. நாளுக்கு 80 கிலோ ஹைட்ரஜன். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஐந்து பேருந்துக்கு 1.7 மெகாவாட் என்ற அளவையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடுங்குளிரில் பேட்டரி தடுமாறுகிற அந்த உயரத்தில் இந்தச் செலவுக்கு நியாயம் இருக்கிறது. கோவில்பட்டி டவுன் பஸ்ஸுக்கு இல்லை.

உங்கள் அக்கா மகன் சொல்வதில் உண்மை இருக்கிறது. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்கள் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பாயும்போது எல்லாம் ஒன்றாகச் சுற்றுகின்றன. தொகுப்பு தாங்காத வேளைகளும் உண்டு. அந்த உபரியைச் சேமிக்க ஹைட்ரஜன் ஒரு வழிதான். ஆனால் எலக்ட்ரோலைசர் விலையுயர்ந்த எந்திரம். வருடத்தில் நாலு மாதம், அதுவும் உபரி இருக்கிற மணிகளில் மட்டும் ஓட்டினால் போட்ட முதல் திரும்பாது. முதலாளி அதை வருடத்தின் எட்டாயிரத்துச் சொச்சம் மணி நேரமும் ஓட்டத்தான் பார்ப்பார். உபரிக்கென்று வந்த எந்திரம் கார்த்திகை, மார்கழியில் காற்றே இல்லாதபோதும் மின்சாரம் கேட்கும், மறுபடி பேங்கிங் கணக்கு வந்துவிடும். காற்று, சூரியன் இரண்டையும் சேர்த்து, நடுவில் பேட்டரியும் வைத்துத் திட்டமிடுகிற ஆலைதான் இதிலிருந்து தப்பும்.

இனி உங்கள் நிலம். ஒரு ஏக்கரைக் கொண்டு ஒரு கார் வருடத்துக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கரும்பு போட்டு, ஏக்கருக்கு 40 டன் எடுத்து, சாறு முழுவதையும் எத்தனாலாக்கினால் 2,800 லிட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றால் 33,000 கிலோமீட்டர் சொச்சம். அதே ஏக்கரில் சூரியத் தகடு போட்டால் ஆண்டுக்கு மூன்று லட்சம் யூனிட் கிடைக்கும். ஹைட்ரஜனாக்கி ஓட்டினால் ஐந்து லட்சம் கிலோமீட்டர். நேராகப் பேட்டரியில் ஏற்றினால் 17 லட்சம். உங்கள் மானாவாரிக் கரிசலில் கரும்பு வராது என்பது தெரியும், ஒப்பீட்டுக்குத்தான் சொல்கிறேன். பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் என்று கொண்டாடுகிறோம். ஒரு லிட்டர் கரும்பு எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணீர் என்று நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. 2003இல் திட்டக்குழு காட்டாமணக்கை நம்பி 2011-12க்குள் டீசலில் 20 விழுக்காடு கலப்போம் என்றது. நட்டவர்கள் கடைசியில் பிடுங்கிப் போட்டார்கள். நிலத்தைக் கேட்டு வரும் எரிபொருள் எதுவானாலும் ஏக்கருக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டுவிடுவது நல்லது.

அப்படியானால் ஹைட்ரஜனே வேண்டாமா? வேண்டும், நிச்சயமாக வேண்டும். தூத்துக்குடிக்கு ஹைட்ரஜன் புதிதில்லை என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். ஸ்பிக் உர ஆலை யூரியாவுக்கான அம்மோனியாவைச் செய்யப் பல ஆண்டுகளாக ஹைட்ரஜன் எடுத்துவருகிறது. முன்பு நாஃப்தா என்ற பெட்ரோலியப் பொருளிலிருந்து, 2021இல் ராமநாதபுரம் - தூத்துக்குடி குழாய் வந்த பிறகு எரிவாயுவிலிருந்து. ஒரு டன் அம்மோனியாவுக்குச் சுமார் 178 கிலோ ஹைட்ரஜன் தேவை, அதற்குப் பேட்டரியை மாற்றாக வைக்க முடியாது. மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கும் அப்படியே. கடல் கடந்து போகிற கப்பலுக்கும் பேட்டரி போதாது. ஹைட்ரஜனிலிருந்து செய்த மெத்தனால், அம்மோனியாதான் வழி. முதலில் அங்கே போகட்டும். தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டம் ஆண்டுக்கு என்று சொல்கிற 50 லட்சம் டன்னுக்கே 1,25,000 மெகாவாட் புதிய காற்றும் சூரியனும் வேண்டும். அத்தனை பாடுபட்டுச் செய்ததைக் கார்களுக்கும் டவுன் பஸ்களுக்கும் ஊற்றுவது என் மனதுக்கு ஒப்பவில்லை. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் தொடங்கிய சிறு ஆலை மணிக்கு ஒரு கிலோவுக்கும் குறைவாக ஹைட்ரஜன் செய்து, குடியிருப்பின் தெருவிளக்குக்கும் மின்வாகன சார்ஜருக்கும் கொடுக்கிறது. ஊழியர்கள் கைப்பழக்கம் பெற அது உதவும். அதே வடிவத்தில் அதைப் பெரிதாக்கக் கூடாது.

உங்கள் மனைவியின் கேள்விக்குப் பதில்: ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வேதியியல் கணக்கில் 9 லிட்டர் தண்ணீர். சுத்திகரிப்பில் கழிவது, குளிர்விப்பது எல்லாம் சேர்த்து 25 லிட்டர் என்று வையுங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் செய்கிற ஆலைக்குத் தினமும் 68 லட்சம் லிட்டர் ஆகும். இதைத் தாமிரபரணியில் எடுத்தால் அநியாயம். கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் போதும். கிலோவுக்கு 55 யூனிட் செலவழிக்கிற ஆலைக்கு இது ஒரு செலவே இல்லை. ஆகவே கடலை விட்டு ஆற்றுக்கு வருகிற ஆலைக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை. கழிவாகும் உப்புநீரை மன்னார் வளைகுடாவில் எங்கே விடுவார்கள் என்பதை மீனவர்கள் சேர்ந்து கேட்கவேண்டும்.

ஸ்கூட்டரைத் தாராளமாக இப்போதே வாங்குங்கள். உங்கள் ஓட்டத்துக்கு ஹைட்ரஜன் ஸ்கூட்டர் வராது, வந்தாலும் நிரப்ப விளாத்திகுளத்தில் பங்க் இருக்காது. முடிந்தால் பகலில் சார்ஜ் போடுங்கள், சூரிய மின்சாரம் தொகுப்பில் நிறைய இருக்கும் நேரம் அது.

நிலம் கேட்டு வருகிறவர்களிடம், கிராமசபையில் எல்லோர் முன்னிலையிலும், இந்த மின்சாரம் எந்த ஆலைக்குப் போகிறது, அந்த ஆலை ராத்திரியில் எதில் ஓடும், ஹைட்ரஜனை வாங்கப்போவது உர ஆலையா கப்பலா வெளிநாடா, தண்ணீர் கடலிலிருந்தா என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள். குத்தகையை எத்தனை வருடத்துக்கு எழுதுகிறார்கள், காலம் முடிந்ததும் தகடுகளையும் கான்கிரீட்டையும் எடுத்து நிலத்தை உழும்படி யார் திருப்பித் தருவார்கள் என்பதைப் பத்திரத்திலேயே போடச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு முன் அந்தப் பத்திரத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

அன்புடன்.