இலக்கே இல்லாத விண்வெளி கேம்களை எப்படி ரசித்து ஆடுவது? எனக்கு ஒரு வாரத்திலேயே சலித்துவிடுகிறது

கேமின் பெயரை நீங்கள் சொல்லவில்லை. ஆனால் "ஜம்ப் பண்ணினால் ஒரு நட்சத்திரம், மறுபடி ஜம்ப் பண்ணினால் இன்னொரு நட்சத்திரம், இதில் என்ன இருக்கிறது" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் எலைட் டேஞ்சரஸாகத்தான் இருக்க வேண்டும். தள்ளுபடியில் வாங்கியிருப்பீர்கள். முதல் இரண்டு நாள், சுழலும் விண்வெளி நிலையத்துக்குள் இடிக்காமல் கப்பலை இறக்கக் கற்றுக்கொள்வதிலேயே போயிருக்கும். அது நன்றாகவும் இருந்திருக்கும். அப்புறம் யூட்யூபில் "ஒரே மணி நேரத்தில் இத்தனை கோடி கிரெடிட்" வீடியோ ஒன்று கண்ணில் பட்டிருக்கும். அதில் சொன்னபடி ஒரே பாறையை ராத்திரி பகலாகச் சுரண்டி, பெரிய கப்பலை வாங்கி, வாங்கிய அன்றைக்கே "சரி, இனி என்ன?" என்று உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் விஷயம் வேறாக இருந்தால் மன்னிக்கவும். நான் பார்த்தவரை இந்தக் கேமை விட்டு ஓடுகிறவர்களில் பாதிப் பேர் ஓடுவது இந்த வழியாகத்தான்.

இங்கே மற்றவர்கள் எழுதியிருக்கும் பதில்கள் எல்லாம் "உங்கள் இலக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்பதிலேயே முடிகின்றன. இந்த அறிவுரையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். பசி என்று வந்தவனிடம் அரிசி மூட்டையைக் காட்டி "பிடித்ததைப் பொங்கித் தின்னு" என்பது மாதிரிதான் அது. நானே வைத்த இலக்கை நானே விட்டுவிட்டால் கேட்க யார் இருக்கிறார்கள்? பால்வெளியின் நடுவில் இருக்கும் கருந்துளை, சஜிடேரியஸ் ஏ*, சூரியனிலிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு. "அதைப் போய்ப் பார்க்கப் போகிறேன்" என்று கிளம்பிய நண்பர்கள் எனக்கு உண்டு. பலர் கால்வாசி தூரத்தில் கேமை மூடிவிட்டு வேறு கேமுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அங்கே யாரும் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

இலக்கில்லாமை இந்தக் கேமின் குறை என்று நினைக்க வேண்டாம், அது பிறவிக் குணம். 1984இல் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த டேவிட் பிராபென், இயன் பெல் என்ற இரண்டு மாணவர்கள் பிபிசி மைக்ரோ கணினிக்காக முதல் எலைட்டை எழுதினார்கள். எட்டு விண்மீன் மண்டலம், ஒவ்வொன்றிலும் 256 நட்சத்திரம். மூன்று உயிர், ஏறிக்கொண்டே போகும் மதிப்பெண், பத்து நிமிடத்தில் ஆட்டம் முடிவு என்று கேம்கள் வந்துகொண்டிருந்த காலத்தில் அதற்கு மதிப்பெண்ணும் கிடையாது, முடிவும் கிடையாது. 'ஹார்ம்லெஸ்' என்ற பட்டத்தில் தொடங்கி, 6,400 எதிரிக் கப்பல்களை வீழ்த்தினால் 'எலைட்' என்ற பட்டம். பட்டம் வந்த பிறகும் கேம் பாட்டுக்கு ஓடும். 2014 டிசம்பரில் வந்த எலைட் டேஞ்சரஸ் அதையே பால்வெளி முழுவதற்கும் விரித்தது: 40,000 கோடி நட்சத்திர அமைப்புகள். இத்தனை வருடமாக ஆடியும் எல்லா ஆட்டக்காரர்களும் சேர்ந்து பார்த்தது அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

இவ்வளவு பெரிய இடத்தில் எனக்கு முதலில் பிடி கிடைத்தது இழப்பதற்கு ஒன்று இருந்தபோதுதான். ஓர் அமைப்புக்குள் போய் ஸ்கேன் செய்கிறீர்கள். யாரும் இதுவரை வந்ததில்லை என்றால், அந்தத் தகவலை ஒரு நிலையத்தில் விற்ற பிறகு 'முதலில் கண்டவர்' என்று உங்கள் பெயர் அந்தக் கோளில் ஏறும். விற்பதற்கு முன் கப்பல் வெடித்தால் எல்லாம் போச்சு. கப்பலுக்குக் காப்பீடு உண்டு, தகவலுக்குக் கிடையாது. மாதக்கணக்கில் சேர்த்ததைக் கப்பலில் வைத்துக்கொண்டு, ஈர்ப்பு அதிகமான ஒரு கோளில் இறங்கிப் பாருங்கள். கை வியர்க்கும். அப்போது யாராவது வந்து "இதில் இலக்கு என்ன" என்று கேட்டால் அடிக்கத் தோன்றும்.

அதுவும் ஒரு கட்டத்தில் எனக்குப் பழகிவிட்டது. என்னை உண்மையில் உட்கார வைத்தது ஃப்யூயல் ராட்ஸ்.

தெரியாதவர்களுக்கு: இது ஆட்டக்காரர்களே 2015இல் தொடங்கிய குழு. நடுவெளியில் எரிபொருள் தீர்ந்து நிற்பவர் அவர்களுடைய இணையதளத்தில் உதவி கேட்டால், யாராவது எரிபொருளோடு கிளம்பிப் போவார்கள். காசு வாங்க மாட்டார்கள். இந்தக் கேமில் எல்லா நட்சத்திரத்திலிருந்தும் எரிபொருள் அள்ள முடியாது. கே, ஜி, பி, எஃப், ஓ, ஏ, எம் வகைகளில்தான் கிடைக்கும். எல், டி, ஒய் என்ற பழுப்புக் குள்ளர்கள், அதாவது மங்கலான சின்ன நட்சத்திரங்கள், கூட்டமாக இருக்கும் பகுதிக்குள் மாட்டினால் ஒவ்வொரு ஜம்பிலும் டாங்க் இறங்கிக்கொண்டே போகும், நிரப்ப வழியிருக்காது. டாங்க் காலியானால் கப்பல் அணைந்துவிடும். அவசர ஆக்சிஜன் சில நிமிடம்தான். அதற்குள் கேமை விட்டு முதன்மைத் திரைக்கு வந்துவிட வேண்டும். வெளியே இருக்கும் வரை அந்தக் கடிகாரம் நின்றிருக்கும். உதவி வரும் வரை உள்ளே போகக் கூடாது.

நான் பயிற்சி முடித்துக் குழுவில் சேர்ந்தபின் பார்த்தவை பெரும்பாலும் பக்கத்துத் தெரு வேலைகள். ஒரு சனிக்கிழமை ராத்திரி, மனிதர்கள் குடியேறிய பகுதியிலிருந்து பல ஆயிரம் ஒளியாண்டு தள்ளி ஒருவர் மாட்டியிருப்பதாக அரட்டை அறையில் செய்தி வந்தது. ஐரோப்பாவில் எங்கோ இருப்பவர். நான்கு நிமிடம் சொச்சம் ஆக்சிஜன். மாதக்கணக்கில் சேர்த்த தகவல் எல்லாம் விற்காமல் அந்தக் கப்பலில். நானும் ஒரு பிரேசில்காரரும் போகிறோம் என்றோம். அத்தனை தூரம் போக நியூட்ரான் நட்சத்திரங்களைப் பிடித்துப் பிடித்துப் போக வேண்டும். அவற்றின் இரண்டு முனைகளிலிருந்தும் பீய்ச்சியடிக்கும் தாரைக்குள் கப்பலை நுழைத்தால் அடுத்த ஜம்ப் நான்கு மடங்கு தூரம் பாயும். உள்ளே கப்பல் ஆட்டம் கண்டுவிடும், ஒவ்வொரு முறையும் எஞ்சின் கொஞ்சம் தேயும். வழியெல்லாம் அதைப் பழுது பார்த்துக்கொண்டே போக வேண்டும். விடிய விடிய இதுதான் வேலை. இடையில் வீட்டுக்காரம்மா எழுந்து வந்து, "என்னங்க, இன்னுமா தூங்கலை? அப்படி என்ன அவசரம்?" என்று கேட்டாள். "ஒருத்தர் மாட்டிக்கிட்டார்" என்றேன். யார், என்ன என்று கேட்காமல் டீ போட்டுக் கொடுத்தாள். (பிறகு விவரம் தெரிந்ததும் கேட்டது வேறு விஷயம்.)

அந்த அமைப்புக்குள் போனோம். அவர் நட்சத்திரத்திலிருந்து வெகு தொலைவில் நின்றிருந்தார். முதலில் சில நொடிக்கு மட்டும் உள்ளே வரச் சொல்லி, அணியில் சேர்த்து, அவருடைய பீக்கன் (கப்பல் இருக்கும் இடத்தை அணியினருக்குக் காட்டும் சமிக்ஞை) எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு உடனே வெளியேறச் சொன்னோம். அப்படியே அந்தத் திசையில் பறந்து, பக்கத்தில் வந்த பிறகுதான் மறுபடி கூப்பிட்டோம். அவர் வந்தார். பீக்கன் எரிந்தது. இறங்கினோம். இருட்டில் விளக்கே இல்லாத சின்னக் கப்பல். லிம்பெட் என்று ஒரு குட்டி எந்திரம் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு டன் எரிபொருளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். முதல் லிம்பெட் போய் ஒட்டுவதற்குள் அந்த அரட்டை அறையில் ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. ஒட்டியது. அவர் கப்பலின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. "எவ்வளவு தர வேண்டும்?" என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றதும் கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. பிறகு, தான் கண்டுபிடித்த பூமி போன்ற கோள்களின் பட்டியலை ஒட்டினார். அந்தப் பட்டியல் அப்படியே அழிந்திருக்கும். அழியவில்லை. எங்களால்.

"அது வெறும் எண்கள்தானே, நிஜமாக யார் சாகப்போகிறார்கள்" என்று கீழே ஒருவர் எழுதப்போகிறார், தெரியும். எண்கள்தான், ஐயா. அந்த எண்களைச் சேர்க்க அவர் உட்கார்ந்த மாதங்கள் எண்களில்லை. "குடும்பஸ்தன் ராத்திரி முழுக்க இப்படியா" என்று இன்னொருவர் வருவார். ஐபிஎல் நடக்கும் இரண்டு மாதமும் ராத்திரி பதினொன்றரை வரை டிவி முன் இருப்பவரை யாரும் இந்தக் கேள்வி கேட்பதில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். மறுநாள் ஞாயிறு. சந்தைக்கும் போனேன், வீட்டு வேலையும் பார்த்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. இந்தக் கேமைத் தனியாக ஆடினாலும் இணையம் வேண்டும். இணையமில்லாமல் ஆடலாம் என்று முதலில் சொல்லியிருந்தார்கள். வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பு, 2014 நவம்பரில் அதைக் கைவிட்டார்கள். அது கிடக்கட்டும். எங்கள் தெருவில் இணையம் தரும் நிறுவனம் இருக்கிறதே, மழை தூறினால் போதும், படுத்துவிடும். புகார் கொடுத்தால் ஒரு எண் தருவார்கள். மாலைக்குள் "வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை, புகார் முடிக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வரும். அந்தக் குறுஞ்செய்தி வருவது என் கையில் இருக்கும் அதே ஃபோனுக்கு! என்னைத் தொடர்புகொள்ள முடியாமல் எனக்கே செய்தி அனுப்புகிற திறமையை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. கடைசியில் கேபிள் இழுக்கும் தம்பியின் சொந்த எண்ணை வாங்கி வைத்துக்கொண்டேன். "அண்ணே, ஆபீஸுக்குப் போடாதீங்க, எனக்கே போடுங்க" என்று அவரே சொன்னார். நல்ல மனுஷன். மாதச் சந்தாவை அவருக்கே கொடுத்துவிடலாம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சாகசம் என்றால் தனியாகத்தான் என்று நினைத்துக்கொண்டு தனியாகப் பறக்காதீர்கள். 2019 ஜனவரியில் டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் 2 என்ற பயணத்தில் 13,000 பேருக்கு மேல் சேர்ந்து, பால்வெளியின் மறுகோடியில் 65,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் பீகிள் பாயிண்டை நோக்கிக் கிளம்பினார்கள். வழியில் சஜிடேரியஸ் ஏ* பக்கத்தில் ஒரு நிலையம் எழுவதற்கு ஆட்டக்காரர்களே சரக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள். எக்ஸ்ப்ளோரர்ஸ் ஆங்கரேஜ் என்று அது இன்றும் இருக்கிறது. இது மாதிரி சிறிய பயணங்கள் அவ்வப்போது நடக்கும், எதிலாவது ஒட்டிக்கொள்ளுங்கள். கூட்டம் பிடிக்காது என்றால் ஃப்யூயல் ராட்ஸ் பயிற்சிக்குப் போங்கள். அதில் ஒரு நேரத்தில் ஓரிரண்டு பேரோடுதான் பேச வேண்டியிருக்கும்.

நீங்கள் ஆடுவது நோ மேன்ஸ் ஸ்கை என்றால் மேலே சொன்ன பாதி பொருந்தாது. அதில் கோள்களின் எண்ணிக்கை இரண்டின் 64ஆம் அடுக்கு, சிக்கலும் அதே சிக்கல். 2016 ஆகஸ்டில் வெளிவந்தபோது பலரும் திட்டித் தீர்த்தார்கள். பிறகு வந்த அப்டேட்களால் இப்போது ஆடத் தகுந்ததாக இருக்கிறது. அங்கே கேலக்டிக் ஹப் என்று ஆட்டக்காரர்களே ஒரு பகுதியைப் பிடித்துக் குடியேறி, உயிரினங்களைப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வீட்டை அவர்கள் பக்கத்தில் கட்டுங்கள்.

எலைட்தான் என்றால் கப்பலுக்காகக் காசு சேர்க்க வேண்டாம். டைமண்ட்பேக் எக்ஸ்ப்ளோரர் போதும்; விலை குறைவு, பாய்ச்சலும் அதிகம். அனகோண்டா வாங்கித்தான் ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கிளம்புவதற்கு முன் கேலக்ஸி மேப்பில் வழி போடும்போது, மேலே சொன்ன ஏழு வகை நட்சத்திரங்களை மட்டும் டிக் செய்துகொள்ளுங்கள். அதையும் மீறி எங்காவது நின்றுவிட்டால் முதலில் கேமை விட்டு வெளியே வந்துவிட்டு, அப்புறம் எங்களைக் கூப்பிடுங்கள்.