கரையடியில் ஈரம், பயப்படணுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தாத்தா கட்டிய மண் அணை, 15 அடி உயரம். வெளிப்புற அடியில் எப்போதும் ஈரம். கீழே தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: மண் கரை கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிகிற தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்து, அளவும் கூடாமல் இருந்தால் வாராவாரம் கவனித்து வரலாம், கலங்கலாக வந்தாலோ கரைக்குள்ளிருந்து மண் அரித்துப் போகிறது என்று அர்த்தம், உடனே லைன் வீட்டுக்காரர்களை வெளியேறச் சொல்லிவிட்டு பொறியாளரைக் கூப்பிடுங்கள், மதகைத் திறந்து மட்டத்தையும் இறக்குங்கள் (சடாரென்று இறக்கினால் உள்பக்கச் சரிவே சரிந்துவிடும்). வெளியே களிமண் அப்பி அடைக்கிற வேலை மட்டும் வேண்டாம், தண்ணீர் வேறு வழி தேடும்.

எனக்கு ஈரத்தைவிடக் கலிங்குதான் (அணை நிறைந்தால் உபரித் தண்ணீர் வெளியேறும் வழி) கவலை. 2009 நவம்பர் மழையில் நீலகிரி பட்ட பாடு தெரியும்தானே? கலிங்கு அடைத்து, தண்ணீர் கரைமேல் வழிந்தால் மண் அணை தாங்காது. ஐப்பசிக்கு முன்பே தூர்வாருங்கள்.

அப்புறம், கரையில் சில்வர் ஓக் வளரவிடாதீர்கள். வேர் மட்கினால் உள்ளே தண்ணீருக்குப் பாதை. 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 10 மீட்டருக்குக் குறைந்த அணைகளுக்குப் பொருந்தாது, ஆகவே அந்தச் சட்டப்படி யாரும் ஆய்வுக்கு வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.