அணியத்தில் பலகை ஒடிகிறது: முதலில் சட்டத்தைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. விக்டரி என்ற பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மர மாதிரியைக் கட்டும்போது, அணியத்து (கப்பலின் முன்முனை) வளைவில் நான்கு பலகைகள் அடுத்தடுத்து ஒடிந்துவிட்டன, பெட்டியோடு பரணில் ஏற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். 1765இல் நீரில் இறங்கிய அந்தக் கப்பலின் முகப்பு நல்ல உருண்டை. முதல் முயற்சியில் யார் கையிலும் ஒடியும்.

பலகையைக் கொஞ்சம் மறந்துவிட்டு, அதைத் தாங்கும் முன்பக்கக் குறுக்குச் சட்டங்களைப் பாருங்கள். விளிம்பைச் சாய்வாகத் தேய்த்தீர்களா? தேய்க்காவிட்டால் பலகை கூர்முனையில் மட்டும் உட்காரும், அங்கேயே முறியும். ஒரு பட்டையை வளைத்து வைத்துப் பாருங்கள். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். நான் இதற்கே இரண்டு மாலைகள் செலவிட்டேன், அதன்பின் ஒரு பலகைகூட ஒடியவில்லை.

அப்புறம், பலகையை அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவிட்டு, சூடான இஸ்திரிப் பெட்டி முனையில் மெதுவாக வளையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகுதான் பசை. முனைப் பக்கம் அகலத்தைச் சீவுங்கள், பாதிக்குக் கீழே போகாமல். இடம் ஒன்று, வலம் ஒன்று என மாற்றி ஒட்டுங்கள், இல்லையென்றால் அடிக்கட்டை (கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) முறுக்கிக்கொள்ளும்.

இடைவெளி விழுந்தால் கவலை வேண்டாம். உங்கள் மாதிரியில் பலகை இரண்டு அடுக்காக ஒட்டப்படும். இடுக்கை அடைக்கும் மக்கு பூசித் தேய்த்தால், மேல் அடுக்குப் பலகை அதை மறைத்துவிடும். ஒடிந்த துண்டுகளை எறியாதீர்கள், வளைத்துப் பழக அவை போதும். அடுத்த பலகை உட்கார்ந்ததும் படம் அனுப்புங்கள், ஆவலாகக் காத்திருக்கிறேன்.