ஆர்எஸ்ஓஏ: அப்ஸ்ட்ரீமில் மட்டும் ஐ-டயகிராம் மூடிக்கிடந்தால்

ஃபைபர் இணைப்பின் டவுன்ஸ்ட்ரீம் (மையத்திலிருந்து பயனருக்கு) மாடுலேட்டரின் எக்ஸ்டிங்ஷன் ரேஷியோவை (‘1’ பிட்டின் ஒளித் திறனுக்கும் ‘0’ பிட்டினதற்கும் உள்ள விகிதம்) 30 டெசிபெல்லிலிருந்து 6-க்கு இறக்கிப் பாருங்கள். 2.5 ஜிபிபிஎஸ் டவுன்ஸ்ட்ரீம் சுத்தமாக வருகிறது, அதே ஒளியில் பயனர் பக்க ஆர்எஸ்ஓஏ (ஒளியைப் பெருக்கித் திருப்பி அனுப்பும் குறைக்கடத்தி ஆம்ப்ளிஃபையர்) ஏற்றி மையத்துக்கு அனுப்பும் 1.25 ஜிபிபிஎஸ் அப்ஸ்ட்ரீம் மட்டும் குழம்புகிறது, அதன் ஐ-டயகிராமில் (பிட்களை ஒன்றின் மேல் ஒன்றாக வரைந்த படம்) நடுவில் ‘கண்’ திறக்கவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் இதுதான்.

30 டெசிபெல் என்றால் ‘0’ பிட்டில் இருக்கும் ஒளி, ‘1’ பிட்டில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஆர்எஸ்ஓஏ எதைப் பெருக்கித் திருப்பி அனுப்பும்? இரண்டு டேட்டாவும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கிறது. 6 டெசிபெல்லில் ‘0’-விலும் கால் பங்கு ஒளி இருக்கும். கூடவே உள்ளீட்டுத் திறனைக் கூட்டி ஆர்எஸ்ஓஏவை சாச்சுரேஷனுக்கு (உள்ளீடு கூடக் கூடப் பெருக்கம் குறையும் நிலை) தள்ளினால், ‘1’-க்குக் கெயின் (பெருக்கம்) குறைந்து பழைய டவுன்ஸ்ட்ரீம் பேட்டர்ன் இன்னும் தட்டையாகும்.

உறுதிசெய்ய:

1. அப்ஸ்ட்ரீம் டேட்டாவை நிறுத்தி, ஆர்எஸ்ஓஏவுக்கு நிலையான பயாஸ் கரண்ட் மட்டும் கொடுங்கள். அப்ஸ்ட்ரீம் ரிசீவரில் டவுன்ஸ்ட்ரீம் பேட்டர்ன் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.
2. அப்ஸ்ட்ரீம் டேட்டாவைத் திரும்பப் போட்டு, டவுன்ஸ்ட்ரீமுக்குப் பதில் வெறும் சிடபிள்யூ (டேட்டா ஏற்றாத, தொடர்ச்சியான ஒளி) லேசரை வையுங்கள். கண் திறக்க வேண்டும். அப்போதும் திறக்காவிட்டால் பயாஸையும் டிரைவ் கரண்டையும் பாருங்கள்.

(ஆப்டிசிஸ்டம் என்ற சிமுலேஷன் மென்பொருளில் செய்கிறீர்கள் என்றால் இட்டரேஷன் (கணக்கைத் திரும்ப ஓட்டும்) எண்ணிக்கை 1-லேயே இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. இருவழி ஃபைபருக்கு அது போதாது.)

ரேஷியோவை இறக்குவது இலவசமல்ல. 6 டெசிபெல்லில் டவுன்ஸ்ட்ரீம் ரிசீவருக்கு சுமார் 2.2 டெசிபெல் கூடுதல் திறன் தேவைப்படும். பவர் பட்ஜெட்டில் அந்த இடம் இருக்கிறதா என்று முதலில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.